மஞ்சளித்த ஏழு வரிசைகள்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மற்ற வீடுகளில் ஊறுகாய்ப் போத்தல் இருக்கும் இடத்தில், ஒரு நுண்ணோக்கி இருந்தது. ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப் போட்டதை அந்த வீட்டு மனிதர் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். பக்கத்தில் ஒரு மைக்கூடு, ஒரு வினிகர் போத்தல். நான் முதல் முறை லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்த அந்த வீட்டுக்குப் போனபோது அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. ரசம் என்று நினைத்து, வாசனை பிடிபடாமல் மூக்கைச் சுளித்தேன். ரசம் இல்லை, புல் வேர். வேரைக் காரநீரில் வேகவைத்து, வினிகரில் மை கலந்து அதில் ஊறப்போட்டு எடுத்தால், வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை நுண்ணோக்கியில் நீலமாகத் தெரியும். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எச்சரித்தார். "அந்தச் சட்டியைத் தொட்டுப்போடாதேங்கோ பிள்ளை. அது சமையலுக்கில்லை, இவரின்ரை கூத்துக்கு."

அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். ஊரில் நாங்கள் அண்ணா என்றுதான் சொல்வோம். லண்டனுக்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பழகிப் பழகி அந்த ஐகாரம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தேன். வாரம் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்த கண்ணுக்கு ஆறுதலாக, சனி ஞாயிறுகளில் கிழக்கு லண்டனில் இருந்த ஒரு நகரப் பண்ணையில் தன்னார்வ வேலை செய்தேன். ஆடு, கழுதை, கோழி எல்லாம் வைத்து நகரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற இடம். அண்ணையும் அங்கே வந்துகொண்டிருந்தார். ஆடுகளைக் கொஞ்சுவதற்கு வந்தவர் அல்ல அவர். பண்ணையின் பின்பக்கத்தில், பழைய தொழிற்சாலை ஒன்றை இடித்து நிரவிய துண்டு நிலம் கிடந்தது. செங்கல் உடைசல், சுண்ணாம்புச் சாந்து, களிமண் எல்லாம் கலந்த பூமி. முள்ளுச்செடிகூட அங்கே வேண்டாவெறுப்பாகத்தான் முளைத்தது. மற்றவர்கள் அதைக் குப்பை மேடு என்றார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இலங்கையின் வடக்கில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண் நுண்ணுயிர்ப் பகுதியில் வேலை செய்தவர் அவர். போர் துரத்த இங்கே வந்து சேர்ந்தார். கொண்டுவந்த சான்றிதழ்களை இந்த ஊரில் யாரும் சட்டை செய்யவில்லை. அகதி மனு, நேர்முகம், மேல்முறையீடு என்று அலைந்து முடிந்தபோது பிள்ளைகள் பிறந்துவிட்டிருந்தன. உறைய வைத்த உணவுகளை அடுக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்து இருபது வருஷம். குளிரில் வேலை செய்து அவருடைய விரல் நுனிகளில் உணர்ச்சி மந்தமாகிவிட்டிருந்தது. மெல்லிய வேரை இடுக்கியால் எடுக்கும்போது இரண்டு மூன்று முறை நழுவவிடுவார், பிறகு சிரித்துச் சமாளிப்பார்.

விஷயம் இதுதான். சில பூஞ்சைகள் பயிரின் வேருக்குள் புகுந்துகொண்டு, அங்கிருந்து தலைமுடியை விட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் வெகுதூரம் அனுப்பும். வேர் எட்ட முடியாத இடத்தில் இருக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இழுத்து வந்து பயிருக்குக் கொடுக்கும். பயிர் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். வளமான, உரம் போட்ட மண்ணில் பயிர் இதைச் சீண்டாது, தேவையில்லையே. இல்லாதப்பட்ட மண்ணில்தான் இந்தச் சிநேகிதம் செல்லும். சுண்ணாம்பு நிறைந்த அந்த இடிபாட்டு நிலம் மணிச்சத்தைக் கட்டிவைத்துக்கொண்டு விடவே விடாது. அங்கே இந்தப் பூஞ்சையின் துணையோடு குதிரைமசால் விளைவித்து ஆடுகளுக்குத் தீவனமாக்கலாம் என்று அவர் சொன்னார். பண்ணை மேலாளர், சாமான் வைக்கக்கூட உதவாத இடம்தானே என்று ஒரு பருவத்துக்கு அனுமதி கொடுத்தார்.

அந்த ஒரு பருவத்தின் மேல் அவருடைய மீதி வாழ்க்கை நின்றது. நான் மிகைப்படுத்தவில்லை. பாழ் நிலங்களைத் திருத்தும் தொண்டு நிறுவனம் ஒன்று, நகரப் பண்ணைகள் நாலைந்துக்குச் சேர்த்து, இப்படிப்பட்ட மண்ணில் தீவனம் வளர்க்க ஓர் ஆளை வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு அமர்த்த நினைத்திருந்தது. அதன் பொறுப்பாளரான பெண்மணி அண்ணையின் பேச்சைக் கேட்டு அசந்துபோனார். ஒரு பருவம் செய்து காட்டுங்கள், பூஞ்சை போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் தெரிந்தால் வேலை உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இருவது வருசமாப் பெட்டி தூக்கினவர், பிள்ளை. இது மட்டும் சரிவந்திட்டா மனுசன் நிமிர்ந்திடுவார்."

நகர எல்லையில் இருந்த பழைய குதிரை மேய்ச்சல் நிலத்தில் உரிமையாளரைக் கேட்டு ஒரு வாளி மண் எடுத்து வந்தார். இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. ஆகவே வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில் சட்டி சட்டியாக, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் நட்டு, ஒரு வருஷம் அதன் வேரில் பூஞ்சையைப் பெருக்கினார். பிறகு வேரும் மண்ணுமாக நறுக்கி, விதைப்புச் சாலில் போட்டார். பதினான்கு வரிசை. ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழு வரிசைக்குப் பூஞ்சை மண், சிவப்புத் தடி. மற்ற ஏழுக்கும் அதே மண்ணைத்தான் போட்டார், ஆனால் பூஞ்சை சாகும்படி அவித்து. அதற்கு வெள்ளைத் தடி. பூஞ்சை பக்கத்து வரிசைக்குத் தாவாதபடி நடுவில் பலகை புதைத்தார். மண் அவிக்கப் பாத்திரம் வேண்டுமே. அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் புட்டுப் பானையை எடுத்துவிட்டார். அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு மாதத்தில் நிலம் கோடு போட்ட சட்டைத் துணி போல ஆகிவிட்டது. சிவப்புத் தடி வரிசைகள் நல்ல பச்சை. வெள்ளைத் தடி வரிசைகள் மஞ்சளித்து, விரல் உயரத்துக்கு மேல் எழாமல் நின்றன. அண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும் குனிந்து, படம் எடுத்து, அளவெடுத்து எழுதுவார். மஞ்சள் வரிசைகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு செடி வாடுவதைக் கண்டு இப்படி மகிழும் மனிதரை நான் கண்டதில்லை என்று கேலி செய்தேன். "வாடட்டும் தங்கச்சி, வாடட்டும். அது வாடினாத்தான் எனக்கு வேலை," என்றார்.

அப்போதுதான் டொரொண்டோவில் இருந்த அவருடைய மூத்த அண்ணன் இறந்துபோனார். தகப்பன் இல்லாத வீட்டில் இவரைப் படிக்கவைத்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியாமல் திரும்புவது என்ற பேச்சே இல்லை. கிடங்கில் சம்பளமில்லா விடுப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டார். புறப்பட்ட காலையிலும் பண்ணைக்கு வந்துவிட்டுத்தான் போனார். "முப்பத்தொண்டு முடிச்சுப்போட்டுத்தான் வருவன். தண்ணி மட்டும் விடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார். "நீங்க போயிட்டு வாங்க அண்ணை, நான் பாத்துக்கிறேன்," என்றேன். ஐந்து வாரம். அந்த நிலத்தை அவர் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் மேலாளர், வருகிற ஞாயிறு பண்ணையில் பொதுமக்கள் நாள், நிறையப் பேர் வருவார்கள் என்றார். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதி அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், அது சோதனை என்றேன். அன்று மதியம் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளைகளோடு வந்தது. கணவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "நம்மாளு போட்டதாங்க இது? பாதி கருகிப்போச்சே!" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் வந்து பார்க்கும் இடம். வெள்ளைக்காரர்கள் தோட்டம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதில் நம்மவர் போட்ட ஒரே பாத்தி நோயாளி மாதிரிக் கிடக்கிறதே என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இளைத்த பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போடுகிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான். தோட்டக் கடைக்குப் போய், தண்ணீரில் கரைத்து ஊற்றும் நீல உரப்பொடி ஒரு பெட்டி வாங்கி வந்து, வெள்ளைத் தடி வரிசைகள் ஏழுக்கும் ஊற்றினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஏழும் ஏன் மஞ்சளாக நிற்கின்றன என்று எனக்கு நன்றாகவே தெரியும். அலுவலகத்தில் யாராவது சோதனைக்கு நடுவில் எதையாவது தொட்டுவிட்டு எழுதிவைக்காமல் போனால் பாய்ந்து குதறுகிறவளும் நான்தான். ஒரு நாளுக்காக, கொஞ்சம் நிறம் வரட்டும் என்று தொடங்கினேன். ஞாயிறன்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அதன் பிறகு, நிறுத்தினால் திரும்ப மஞ்சளாகி, ஏதோ நடந்திருக்கிறது என்று அண்ணைக்குத் தெரிந்துவிடுமே என்று பயம் பிடித்துக்கொண்டது. ஆகவே அடுத்த வாரமும் ஊற்றினேன். அதற்கடுத்த இரண்டு வாரமும். மொத்தம் நாலு தடவை.

விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் காலையே அவர் வந்துவிட்டார். பதினான்கு வரிசையும் ஒரே பச்சையாக நின்றன. வேலிக்கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு வெள்ளைத் தடி வரிசை ஒன்றின் பக்கத்தில் குந்தி, இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"எப்ப பச்சை பிடிச்சது?"

"ரெண்டு மூணு வாரமா... வெயில் நல்லா இருந்துச்சு."

"நான் இல்லாத நேரம் வித்தியாசமா ஏதும் நடந்ததே, தங்கச்சி?"

"இல்ல அண்ணை. தண்ணி மட்டும்தான் ஊத்தினேன்."

கேட்டபோது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மேல் சந்தேகமே இல்லாமல், ஒரு விவரம் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துக்க வீட்டிலிருந்து வந்த மனிதர், இன்றைக்கு வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நாளை வந்தது. அவர் அறுவடை செய்து, காயவைத்து, நிறுத்தார். சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வேரை வேகவைத்து மையில் ஊறவைத்துப் பார்த்தார். சிவப்புத் தடி வரிசைகளின் வேர் முழுக்க நீலம். பூஞ்சை இருக்கிறது, ஆனால் அதனால் பயிருக்கு ஒன்றும் கூடவில்லை. ஆரம்பத்தில் பின்தங்கிய செடிகள் வேர் ஆழம் போனதும் தாமாகவே தேறிவிட்டன, மண் தான் நினைத்த அளவு மோசமில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். ஒரு நாளில் சொல்லக்கூடியதாக இருந்த விஷயம் ஒவ்வொரு நாளும் எனக்குப் பெரிதாகிக்கொண்டே போனது.

தொண்டு நிறுவனத்தில் காட்டுவதற்கான வரைபடங்களை நான்தான் கணினியில் தயாரித்தேன். அவருக்கு அது கைவராது, எனக்குப் பழகிய வேலை. சிவப்பு ஒரு கட்டை, வெள்ளை ஒரு கட்டை, இரண்டும் ஒரே உயரம். அந்தக் கூட்டத்தில் அவர் எதையும் பூசி மெழுகவில்லை. முதல் மாதப் படங்களை மட்டும் காட்டியிருந்தால்கூடக் கை தட்டியிருப்பார்கள். அவரோ கடைசிக் கணக்கைத்தான் காட்டினார். வித்தியாசம் தொடக்கத்தில் இருந்தது, முடிவில் இல்லை, ஆகவே இது பலன் தருகிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றார். அந்தப் பெண்மணி வருத்தத்தோடு கேட்டார், இடையில் ஏதாவது தவறு நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டா என்று. அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார். ஐந்து வாரம் நான் இல்லை, ஆனால் இவர் என் தங்கை மாதிரி, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், அந்தப் பக்கம் குறை வர வழியில்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினேன்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கனகாலம் விட்டுப்போச்சு, தங்கச்சி. கை பழுதாப்போச்சு," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேருந்து வந்தது, ஏறிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பண்ணைக்கு வரவில்லை. ஓய்வு பெறும் வரை அதே குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கினார். எனக்குக் கல்யாணமாகி, லண்டனின் இன்னொரு மூலையில் இருக்கும் கிங்ஸ்பரிக்கு நான் குடிபோனேன். தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று தொலைபேசியில் பேசியதும் குறைந்து, பிறகு நின்றுபோனது. தூரம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். ஒரு ரயில் மாறினால் போய்விடலாம். அவருடைய குரலைக் கேட்கத்தான் எனக்கு முடியவில்லை. பண்ணையின் பின்பக்கத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

பதினொரு வருஷம் கழித்து, இந்த வசந்த காலத்தில், ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. "எங்களை மறந்திட்டியள் என்ன?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, "வீட்டை வாங்கோ, அண்ணை சந்தோசப்படுவார்," என்று நடந்தார். பின்னால் போகும்போதே தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கும் சொல்லாமல் அந்த வீட்டில் தேநீர் குடித்தால் நான் மனுஷியே இல்லை.

அண்ணை மெலிந்திருந்தார். முழங்கால் வலி, காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழப்போனார், நான் விடவில்லை. அக்கா தேநீர் போட உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். நீலப்பொடி வாங்கியது, பொதுமக்கள் நாள், நாலு தடவை ஊற்றியது, அவர் கேட்டபோது பொய் சொன்னது, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். திட்டட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"என்ன பொடி? மணிச்சத்துச் சேர்ந்ததே?"

"ஆமா அண்ணை. எல்லாச் சத்தும் சேர்ந்த பொடி."

"எல்லா வெள்ளைத் தடிக்கும் விட்டனீங்களே?"

"ஏழுக்கும்."

"சிவப்புத் தடிக்கு?"

"ஒரு சொட்டு கூட இல்ல."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்ல அண்ணை. சத்தியமா இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, ஏதோ நிறுத்துப் பார்க்கிறவர் மாதிரி. நான் அழத் தயாராக இருந்தேன். அவர் கண்ணைத் திறந்தபோது அதில் கோபம் இல்லை.

"அப்ப, உரம் போட்டது ஏழு. ஒண்டும் போடாமல், பூஞ்சணத்தோடை மட்டும் நிண்டது ஏழு. ரெண்டும் ஒரே நிறை," என்றார் மெதுவாக. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். "வெறும் செங்கல் மண்ணிலை, ஒரு கரண்டி உரம் இல்லாமல், நீங்கள் நாலு தரம் உரம் போட்டதுக்குச் சமனா வளர்ந்திருக்கு."

அப்போதுதான் எனக்குத் தலையில் இறங்கியது. அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, வெள்ளைத் தடிகளுக்கு உரம் ஊற்றிவிட்டேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். படத்தை மாற்ற வேண்டியதே இல்லை. திரையில் இருந்த அதே இரண்டு கட்டைகளைக் காட்டி அவர் அந்த வேலையை வாங்கியிருப்பார். உரம் ஊற்றியதால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. நான் வாயைத் திறக்காததால்தான் எல்லாம் போனது. இத்தனை வருஷம் தப்பான குற்றத்துக்கு வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒருக்காச் செய்ததை வைச்சு உறுதியாச் சொல்லேலாதுதான்," என்றார் அவர், பழைய ஆராய்ச்சிக்காரராக. "திருப்பிச் செய்து பார்க்க வேணும். திருப்பிச் செய்யிறதுக்குத்தான் அந்த வேலையே." பிறகு வெகுநேரம் தன் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார்.

சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "இஞ்சேரும்... என்ரை பூஞ்சணம் வேலை செய்திருக்கப்பா!"

தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்ற அக்கா, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப?"

"அப்பவே," என்றார் அண்ணை.